பழக்காமல் பழிப்பதா?

ஏழை எங்கே சர்க்காரைச் சந்திக்கிறான்? கோட்டையிலே அல்ல, சட்டமன்றத்திலே அல்ல. கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கு முன்னே, மின் கட்டணம் வாங்கும் சன்னலுக்கு வெளியே, ஆரம்ப சுகாதார நிலையத்துத் தாழ்வாரத்திலே, நியாயவிலைக் கடை வரிசையிலே சந்திக்கிறான். அவனுக்குச் சர்க்கார் என்பது ஏட்டிலே அச்சிட்ட சட்டமல்ல. எதிரே அமர்ந்திருக்கும் ஒரு மனிதர். அந்த மனிதருக்கு வேலை தெரிந்திருந்தால், ஏழைக்கு அது நல்ல ஆட்சி. தெரியாவிட்டால், எத்தனை நல்ல சட்டம் இயற்றினாலும் அவனைப் பொறுத்தவரை அது வெறும் காகிதம்.

திருச்சி - திண்டுக்கல் சாலையிலே இருக்கிற அய்யலூரை எடுத்துக்கொள்வோம். வியாழன்தோறும் விடியுமுன்னே ஆட்டுச் சந்தை கூடுகிற ஊர். சந்தைக்கு வரும் குடியானவர் ஒருவர், மறைந்துபோன தந்தையின் பேரிலே இருக்கும் பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் போனால், ‘வாரிசுச் சான்று வேண்டும்’ என்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு போனால், ‘இன்னொரு தாளும் வேண்டுமே’ என்கிறார்கள். அதையும் கொண்டுபோனால், ‘இதை வேடசந்தூர் தாலுகா ஆபீசிலே கேட்டுப் பாருங்கள்’ என்று கை காட்டுகிறார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மூன்று நடைக்கு மூன்று நாள் அடுப்பு அணைகிறது.

முதல் நாளே எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன? ‘சொல்ல மனமில்லை, கையிலே ஏதாவது வைத்தால் சொல்வார்கள்’ என்று ஊர் பேசுகிறது. அப்படிப்பட்டவர்களும் உண்டு, அவர்களுக்காக நாம் ஒருநாளும் வாதாடப் போவதில்லை. ஆனால், பல இடங்களிலே உண்மை வேறு. சொல்ல மனமில்லாததால் அல்ல. அந்த நாற்காலியிலே இருப்பவருக்கே முழுதும் தெரியாததால் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை!

இதைக் கண்டு மூன்று கூட்டத்தார் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். ‘சர்க்கார் ஊழியன் என்றாலே சோம்பேறி’ என்கிறது ஒரு கூட்டம். ‘இடஒதுக்கீட்டிலே வந்தவர்கள், தகுதி, திறமை இருக்குமா?’ என்று காதோடு காதாகக் கிசுகிசுக்கிறது இன்னொரு கூட்டம். ‘எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது’ என்று நாவைச் சப்புக்கொட்டுகிறது மூன்றாவது கூட்டம். மூவரும் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. இந்த வேலையை இவருக்குப் பழக்கிவிட்டது யார்? அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறோம் நாம்.

அய்யலூர்ச் சந்தையிலே ஆடு வாங்கும் வியாபாரி தன் மகனை எப்படி வியாபாரி ஆக்குகிறான்? புத்தகம் கொடுத்தா? இல்லை. கூடவே அழைத்து வருகிறான்; பல்லைப் பார்க்கச் சொல்கிறான்; முதுகிலே கை வைத்து, தூக்கிப் பார்த்து எடை மதிக்கச் சொல்கிறான்; பையன் தவறாக மதித்தால் அங்கேயே திருத்துகிறான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடு கிடைத்தது. எதற்காகக் கிடைத்தது? பட்டறையிலே மூத்த கைக்குப் பக்கத்திலே இளைய கை அரம் பிடித்துப் பழகிற்றே, அந்தப் பழக்கத்திற்காக. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பட்டறைக்காரனுக்குத் தெரிகிறது, சந்தைக்காரனுக்குத் தெரிகிறது. சர்க்காருக்கு மட்டும் தெரியவில்லையா?

தெரியும். தெரிந்து செய்கிற இடமும் உண்டு. அய்யலூர் இரயில் நிலையத்தைத் தாண்டி ஓடும் வண்டியைப் பாருங்கள். அதன் ஓட்டுநர் தேர்வு எழுதி வென்றவர், பயிற்சிப் பள்ளியிலே படித்தவர். ஆனாலும், ஒரு புதிய தடத்திலே அவரை நேரே வண்டி ஓட்ட விடுவதில்லை. முதலில் அந்தத் தடத்திலே வேறொருவர் ஓட்டும் வண்டியிலே உடன் சென்று, பகலிலும் இரவிலும் பார்த்துப் பழக வேண்டும். எங்கே கைகாட்டி, எங்கே ஏற்றம், எங்கே வளைவு என்று கண்ணிலே பதிய வேண்டும். ‘இந்தத் தடம் எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்திட்ட பிறகுதான் வண்டி அவர் கைக்கு வருகிறது. அந்த ஏற்பாட்டுக்குப் பெயரே தடம் பழகுதல்.

இரயில் தடம் பழகாமல் ஓட்டினால் உயிர் போகும், ஆகவே பழக்குகிறார்கள். பட்டா தப்பினால் யார் உயிர் போகிறது என்று எண்ணுகிறார்கள் போலும்! ஒரு சர்வே எண் தவறாக ஏறினால் இரண்டு குடும்பம் இருபது ஆண்டு நீதிமன்றப் படியேறும். ஒரு சான்றிதழ் ஒரு வாரம் தாமதித்தால் ஒரு பெண்ணின் கல்லூரி இடம் கைநழுவும். ஏழையின் உயிர் ஒரே நாளிலே போவதில்லை. நடந்து நடந்து தேய்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

அந்த இரயில்வேயைப் பற்றியே இன்னொரு செய்தி. அசுவினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்காஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், இந்திய இரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டார்கள். இடஒதுக்கீட்டினால் இரயில்வேயின் உற்பத்தித் திறன் குறைந்தது என்பதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை என்பதே அந்த முடிவு. தகுதி, திறமை என்று ஓலமிடுவோர் இதைச் சற்றே படிக்கட்டும். ஆதிதிராவிடர் மகன் இழுத்தாலும் அக்கிரகாரத்து மகன் இழுத்தாலும், பழகியவன் கையிலே இரயில் ஒழுங்காகத்தான் ஓடுகிறது!

திறமை பிறப்பிலே வருகிறது என்ற கதையை நம் நாடு நெடுங்காலம் கேட்டது. ஊர் நிர்வாகத்திலே அந்தக் கதை சட்டமாகவே இருந்தது. 1895ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஊர்ப் பதவியைப் பரம்பரைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. மணியக்காரர் மகன் மணியக்காரர். கணக்குப்பிள்ளை மகன் கணக்குப்பிள்ளை. பரம்பரையைக் காட்டிப் பதவி கேட்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1960ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1980 நவம்பரிலே தமிழகத்திலே அவசரச் சட்டம் வந்தது. பழைய ஊர்ப் பதவிகள் ஒழிந்தன. தேர்வாணையத்தின் வழியே கிராம நிர்வாக அலுவலர் வந்தார். வழக்குத் தொடுத்தார்கள்; 1982ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

அப்போது எழுந்த ஓலம் என்ன? ‘சிட்டா என்ன, அடங்கல் என்ன, புலப்படம் என்ன என்று இந்தப் பையன்களுக்குத் தெரியுமா? தலைமுறை தலைமுறையாக வந்த ஞானம் அல்லவா!’ என்றார்கள். ஞானமா? வீட்டுத் திண்ணையிலே தந்தைக்குப் பக்கத்திலே மகன் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகினான். அது ஞானமல்ல, பயிற்சி! ஒரு குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்ட பயிற்சி. இரத்தத்திலே கணக்கு ஓடியதில்லை, திண்ணையிலேதான் ஓடிற்று.

நாம் அந்தத் திண்ணையை இடித்தோம், நன்று. ஏழை வீட்டுப் பிள்ளை தேர்வெழுதி வந்து அந்த நாற்காலியிலே அமர்ந்தான், நன்றினும் நன்று. ஆனால், திண்ணையிலே மகனுக்குக் கிடைத்த பழக்கத்தை, அரசாங்கத்திலே அந்தப் பிள்ளைக்கு யார் தருவது? கதவைத் திறந்துவிட்டதோடு கடமை முடிந்ததா? 1928ஆம் ஆண்டிலே முத்தையா முதலியார் செயலுக்குக் கொண்டுவந்த வகுப்புவாரி ஆணை முதல் இன்றைய இடஒதுக்கீடு வரை, கதவைத் திறக்க நடந்த போராட்டம் பெரிது. உள்ளே வந்த பிள்ளையைப் பழக்காமல் விட்டு, அவன் தடுமாறும்போது ‘பார்த்தீர்களா’ என்று சிரிக்க இடம் கொடுத்தால், அது அந்தப் போராட்டத்துக்கே செய்யும் துரோகம்.

பழக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் வட்டாரத்திலேயே, காந்திகிராமத்தார் 1959ஆம் ஆண்டிலே ஆத்தூர் ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு சுகாதாரப் பணியிலே ஒரு முன்னோடிச் சோதனை தொடங்கினார்கள். 1964ஆம் ஆண்டிலே அங்கே ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனம் எழுந்தது. ஊர் ஊராய் நடக்கும் சுகாதாரப் பணியாளரைப் பழக்குவது அதன் பெரும்பணிகளிலே ஒன்று.

அதைவிட விரிவாகச் சொல்ல வேண்டியது, நத்தத்தை ஒட்டியுள்ள கொட்டாம்பட்டியின் கதை. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985ஆம் ஆண்டிலே. அதற்கு முன்பு இந்தப் பகுதி முழுதும் மதுரை மாவட்டம். அந்த மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்திலேதான் 1980ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. உலக வங்கியின் கடன். தமிழக அரசின் பணி. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் பரவிற்று.

அதிலே வேலை செய்தவர்கள் யார்? டாக்டர்களா? பட்டதாரிகளா? அந்தந்த ஊர்ப் பெண்கள். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் போதும். வறுமையிலும் தன் குழந்தையை நன்றாக வளர்த்த தாய் கிடைத்தால் அவளே முதல் தேர்வு! எத்தனை அறிவுள்ள ஏற்பாடு பாருங்கள். ஏழைக் குழந்தையை வளர்ப்பது எப்படி என்று, வளர்த்துக் காட்டிய ஏழைத் தாயைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

அந்தப் பெண்களுக்குத் தொடக்கத்திலே குறுகிய காலப் பயிற்சி. அதோடு, ‘போய்விட்டு வா’ என்று விட்டுவிடவில்லை. பத்து மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். ஒன்றிய அளவிலே, வேலையிடத்துக்கே வந்து கற்றுத் தருவதற்கென்று ஒரு பயிற்சி ஆசிரியை. வேலை என்ன என்பதும் தெளிவு: ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார், எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடி, அதற்கு மட்டும் தொண்ணூறு நாள் கூடுதல் உணவு கொடு, தேறிவிட்டால் நிறுத்து, தாய்க்கு எடுத்துச் சொல். தராசு பிடிக்கத் தெரியவில்லையா? பக்கத்திலே ஒருத்தி நின்று பிடித்துக் காட்டுவாள். அட்டையிலே புள்ளி வைக்கத் தெரியவில்லையா? அடுத்த முறை வந்து திருத்துவாள். குறை கண்டால் குறிப்பாணை அல்ல. கையைப் பிடித்துக் கற்றுத் தருதல்!

பலன்? திட்டம் நடந்த இடங்களிலே சிறு குழந்தைகளின் கடும் ஊட்டக்குறைவு மூன்றிலே ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது என்று மதிப்பீடுகள் கூறின. பிற நாட்டு அறிஞர்கள் எல்லாம் தமிழகத்தைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். எட்டாம் வகுப்புப் படித்த பெண்கள் செய்து காட்டிய காரியம் இது. அவர்கள் கையிலே இருந்தது பட்டமல்ல. தராசும், தராசு பிடிக்கக் கற்றுத் தந்த இன்னொரு பெண்ணும்தான்.

இப்போது இன்றைய அலுவலகத்துக்குத் திரும்புவோம். புதிதாக வந்த இளநிலை உதவியாளருக்குப் பவானிசாகரிலே அடிப்படைப் பயிற்சி உண்டு. நல்ல ஏற்பாடுதான்; மறுக்கவில்லை நாம். ஆனால், பணியிலே சேர்ந்து, நாற்காலியிலே அமர்ந்து, கோப்பைத் தள்ளத் தொடங்கிய பிறகு முறை வரும்போதுதான் அழைப்பு வருகிறது. அதுவரை? பக்கத்து மேசைப் பெரியவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெரியவருக்கோ இரண்டு மேசை வேலை. ‘தம்பி, போன கோப்பிலே என்ன எழுதியிருக்கிறதோ, அப்படியே எழுது’ என்கிறார். போன கோப்பிலே தவறு இருந்தால், தவறும் பரம்பரையாகத் தொடர்கிறது! பின்னர், அந்தப் பெரியவர் ஓய்வு பெறுகிறார். மாலை போடுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். முப்பது ஆண்டு அனுபவம் அந்த மாலையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அவர் இடம் பல மாதம் காலி; புதியவர் வரும்போது சொல்லித்தர ஆளில்லை.

டில்லி 2020ஆம் ஆண்டிலே ஒரு திட்டம் அறிவித்தது. அதற்குப் பெயர் கர்மயோகி! பெயரைக் கேட்டாலே தெரிகிறது, யாருக்கு எந்த மொழியிலே பெயர் வைக்கிறார்கள் என்று. கணினித் திரையிலே பாடம் பார்த்துச் சான்றிதழ் பெறுவது அதன் நடுநாயகம். திரை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புதிய விதியைப் பல்லாயிரம் பேருக்கு ஒரே நாளிலே எடுத்துச் செல்ல அது உதவும். ஆனால், அழுதுகொண்டு நிற்கும் ஒரு விதவையிடம் எப்படிப் பேசுவது, புலப்படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு வரப்பிலே நின்று எல்லை காண்பது எப்படி என்று திரை சொல்லித் தருமா? நீச்சலைப் படம் பார்த்துக் கற்றவன் கிணற்றிலே இறங்கட்டும், பார்ப்போம்!

இங்கே, தொழிலாளத் தோழர்கள் ஓர் எச்சரிக்கையைக் கேட்க வேண்டும். பயிற்சி என்ற நல்ல சொல்லைக் குறைந்த கூலிக்கு மறுபெயராக்கும் வித்தையும் நாட்டிலே நடக்கிறது. 1961ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டம், பயிலுநர் தொழிலாளி அல்ல என்று கூறுகிறது. கற்கும் வரை அது பொருந்தலாம். கற்று முடித்தவனிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு, ‘நீ பயிலுநர்தானே’ என்று அரைக் கூலி கொடுத்தால், அதற்குப் பெயர் பயிற்சியா, சுரண்டலா?

மின்வாரியத்தைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டிலே ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் கேங்மேன் பயிற்சியாளர் என்ற பெயரிலே எடுக்கப்பட்டார்கள். குழி தோண்டவும் கம்பம் நடவும் எடுத்தவர்களை, மின்கம்பியிலே கை வைக்கும் வேலைக்கும் ஏவுகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் மோசம். அவருக்குப் பயிற்சியாளர் என்ற பெயர்கூட இல்லை. புயல் அடித்த மறுநாள், விளக்கெரிய வேண்டும் என்று ஊரே காத்திருக்கும்போது, கம்பத்திலே ஏறுகிறவர் அவர்தான். எந்தக் கம்பியிலே மின்சாரம் நிற்கிறது, எதிலே திரும்பி வரும், எங்கே மண்கம்பி பிணைக்க வேண்டும் என்று பழக்கிவிடாமல் ஒருவரைக் கம்பத்திலே ஏற்றுவது வேலை வாங்குவதல்ல, கொலைக்குத் துணைபோவது! அலுவலகத்திலே பயிற்சி இல்லாவிட்டால் மக்களுக்குத் துன்பம். கம்பத்திலே இல்லாவிட்டால், தொழிலாளியின் பிணம்தான் கீழே இறங்கும்.

‘பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?’ என்று கேட்போர் உண்டு. ஆகாது. நான்கு பேர் வேலையை ஒருவர் தலையிலே வைத்தால், எவ்வளவு பயிற்சி பெற்றவரும் தடுமாறத்தான் செய்வார். காலியிடத்தை நிரப்பாமல் பயிற்சி பேசுவது, விதையில்லாமல் ஏர் பூட்டுவது. கை நீட்டிக் காசு வாங்குபவனுக்கு வேண்டியது பயிற்சியல்ல, தண்டனை. ஆனால் ஒன்று: வேலை தெரிந்தவர் நிறைந்த அலுவலகத்திலே, ‘தெரியாது’ என்ற போர்வைக்குள்ளே கள்ளன் ஒளிய முடியாது. முதல் நாளே நான்கு தாளின் பெயரையும் சொல்லிவிட்டால், தரகனுக்கு அங்கே என்ன வேலை?

வேலைப் பயிற்சியோடு, மக்களை மதிக்கும் பயிற்சியும் வேண்டும். 1959ஆம் ஆண்டிலே சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. புதிய அரசு அதே ஆண்டிலே செய்த காரியங்களிலே ஒன்று, அதிகாரிகளுக்கென்று ஓர் அரசியல் கல்வி நிலையம் தொடங்கியது. வெள்ளைக்காரன் வகுத்த முறையிலே வளர்ந்த அதிகாரிகளுக்கு, குடிசையிலே இருக்கும் மக்களின் துன்பமும், நாடு போகிற திசையும் தெரிய வேண்டும் என்பது நோக்கம். தமிழும் ஆட்சிமொழிகளிலே ஒன்றாக விளங்கும் அந்தச் சிறு நாடு, அரசு ஊழியரின் பயிற்சிக்குச் செய்யும் செலவைச் செலவென்று எண்ணியதில்லை.

நம் இயக்கத் தோழர்களுக்கு இது புதிய செய்தியா? நம் இயக்கமே ஒரு களப் பயிற்சிக்கூடம் அல்லவா! முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் ஏடு படிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். கேட்டவர்களிலே ஒருவர் மறுநாள் படித்தார். படித்தவர் பிறகு தெருமுனையிலே பேசினார். பேசியவர் பின்னாளிலே ஊரை ஆண்டார். எந்தப் பல்கலைக்கழகம் அவர்களைப் பேச்சாளராக்கிற்று? படிப்பகம் ஆக்கிற்று, மேடை ஆக்கிற்று, தடுமாறியபோது தோளிலே தட்டிய மூத்த தோழர் ஆக்கினார். திறமை பழக்கத்திலே வருகிறது என்பதற்கு நாமே நடமாடும் சான்று.

ஆகவே, கோட்டையிலே எந்தக் கொடி பறந்தாலும், நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று, தடம் பழகாமல் வண்டி இல்லை என்ற இரயில்வே முறை, ஒவ்வொரு சேவை அலுவலகத்துக்கும் வரவேண்டும். மூத்தவர் ஒருவருக்குப் பக்கத்திலே இருந்து பழகிய பிறகே புதியவருக்குத் தனிப் பொறுப்பு. கற்றுத் தரும் மூத்தவருக்கு அதற்கென்று நேரமும் மதிப்பும் ஒதுக்க வேண்டும்.

இரண்டு, ஓய்வு பெறுபவர் போகுமுன்பே அவர் இடத்துக்கு வருபவர் வந்து சேர வேண்டும். அனுபவம் கைமாறிய பிறகு மாலை போடலாம்.

மூன்று, ஒவ்வொரு வேலைக்கும் எளிய தமிழிலே கையேடு வேண்டும். ஊழியருக்கு ஒன்று, அதன் சுருக்கம், மனு கொண்டு வரும் மக்களுக்காகச் சுவரிலே.

நான்கு, பயிற்சிக் காலத்திலே கண்ணியமான ஊதியம். பயிற்சி முடிந்ததும் முழு ஊதியம். நிரந்தரத் தொழிலாளியோ, ஒப்பந்தத் தொழிலாளியோ, பழக்கப்படாத எவரையும் கம்பத்திலே ஏற்றவோ, சாக்கடைக் குழியிலே இறக்கவோ கூடாது. ஏவியவர் தண்டிக்கப்பட வேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் படிப்பகத்திலே ஒரு மேசை போடுங்கள். பட்டா மாறுதலுக்கு என்ன வேண்டும், முதியோர் உதவித்தொகைக்கு என்ன வேண்டும் என்று இரண்டு இளைஞர்கள் கற்றுக்கொள்ளட்டும். காசு வாங்காமல் மனு எழுதித் தரட்டும். அலுவலகத்திலே புதிதாக வந்த பிள்ளை தடுமாறினால் மேசையைத் தட்டாதீர்கள். அவனும் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளை; நாம் திறந்த கதவின் வழியே வந்தவன். தட்ட வேண்டிய மேசை, அவனைப் பழக்காமல் உட்கார வைத்தவரின் மேசை.

தராசு பிடிக்கக் கற்றுத் தந்தபோது, கொட்டாம்பட்டிப் பெண்கள் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். அய்யலூரிலே நாற்காலியிலே இருப்பவருக்கும், கம்பத்திலே நிற்பவருக்கும் அதே உரிமை உண்டு. முதலில் பழக்குங்கள். பழகிய பிறகும் கடமை தவறினால் பழியுங்கள். நாமும் சேர்ந்து பழிக்கிறோம்!